முன்வாசல் திறக்காத வீடு

கெல்சென்கிர்ச்சன்,
3-6-1973

வாசுதேவா,

பெற்றவள் எழுதுகிறேன். உயிரோடுதான் வந்து சேர்ந்தேன். மரியாதையோடு வந்து சேர்ந்தேனா என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள்.

ரயிலடியில் என்னை உன் மாமனாரிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறி ஓடினாயே, அது ஏன் என்று ரயில் போன பிறகுதான் யோசித்தேன். "ஷிஃப்ட் இருக்கும்மா" என்றாய். மதுரையிலிருந்து கடல் தாண்டி வந்த தாயை மாமனார் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட முடியாத ஷிஃப்ட் என்ன ஷிஃப்டோ. அந்த மனிதர் முகத்தைக்கூட நீ நேராகப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அவர் என் டிரங்குப் பெட்டியைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு, செங்கல் எல்லாம் அடுப்புக்கு மேலே உள்ள சுவர் மாதிரி கரி பிடித்துக் கிடக்கிறது. இவர்கள் வீட்டுக்கு முன்னால் நல்ல பச்சைக் கதவு, பித்தளைப் பிடி பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறது. பரவாயில்லையே என்று நினைத்து, சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, வலது காலை எடுத்து வைக்க நின்றேன். அந்த மனிதர் நிற்கவே இல்லை. கதவைத் தாண்டிப் போய், சந்தில் திரும்பி, கரிக்குவியல், முயல் கூண்டு, புறாக்கூடு எல்லாவற்றையும் தாண்டிப் பின்பக்கமாகக் கூட்டிப்போய், அடுப்படிக் கதவைத் திறந்து கையை ஆட்டினார். உள்ளே வா என்று அர்த்தம்.

வடக்கு மாசி வீதியில் பெரிய வீடுகளுக்கு எத்தனை வருசம் பால் ஊற்றினேன், உனக்குத் தெரியும். ஒரே ஒரு வீட்டில் "கொல்லப்பக்கமா வா" என்றார்கள். செம்பை அவர்கள் வாசலிலேயே கவிழ்த்துவிட்டு வந்தேன், அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. அன்றைக்கு நீ என் இடுப்பில் இருந்தாய். இன்றைக்கு உன்னால் அதே கொல்லைப்பக்கமாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன்.

உன் பிள்ளை பாலுவைப் பார்த்தேன். புறாக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தான். உன் அப்பா நெற்றி, போய்ச் சேர்ந்த உன் பெண்டாட்டி ரெனாட்டேயின் கண். நன்றாக இருக்கிறான் என்று எழுத ஆசைதான். ஆனால் முன்பல் பாதி இல்லை. முழங்கையில் பழுத்த காயம், கெண்டைக்காலில் புதுக் காயம். "யாருடா அடிச்சா?" என்று கேட்டேன். "வேண்டாம்" என்றான். சோறு என்றாலும் வேண்டாம், வா என்றாலும் வேண்டாம். நீ அவனுக்குக் கற்றுக்கொடுத்த தமிழ் அந்த ஒரு வார்த்தைதானா?

பதில் போடு. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் பாலில் தண்ணீர் கலந்திருந்தால் சொம்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உன் பதிலில் தண்ணீர் கலக்காதே.

வேதவல்லி


எர்லாங்கன்,
12-6-1973

அம்மா,

உன் கடிதம் வந்தது. படித்து மிகவும் வருத்தப்பட்டேன்.

கதவு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவர்கள் அப்படித்தான். நீ ஊரில் இருக்கும்போதே உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா? சுரங்க வேலை செய்த மனிதர்கள், முரட்டு ஜனங்கள், நம்முடைய மரியாதை எல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் பாலுவை அங்கே இனிமேல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்கிறேன். அவர்களுக்கும் வயதாகிவிட்டது, பையனைச் சமாளிக்க முடியவில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நீ அவனைக் கூட்டிக்கொண்டு போவதுதான் எல்லாருக்கும் நல்லது.

செப்டம்பர் முதல் வாரம் உங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டிருக்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள். அவர்களிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம். உனக்கு ஜெர்மன் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது, வீணாகச் சண்டை வரும். அங்கே ஆஸ்பத்திரியில் சாந்தா என்று ஒரு நர்ஸ், நாகர்கோவில் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே வேலை அதிகம். சைக்கிளில்தான் போய் வருகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது.

வாசுதேவன்


கெல்சென்கிர்ச்சன்,
1-7-1973

வாசுதேவா,

"அவர்கள் அப்படித்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய். எப்படித்தான்? இந்த வீட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து என்னிடம் மறைக்கிறீர்கள்.

அடுப்படிக்கு அந்தப் பக்கம் ஒரு அறை. அதைத் தாண்டித்தான் அந்தப் பச்சைக் கதவு. அறையை எப்போதும் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். சாவி காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, நான் பார்த்துவிட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. உன் மாமியார் (பாலு அவளை ஓமா என்கிறான், நானும் அப்படியே எழுதுகிறேன்) வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வாளியும் துணியுமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கிறது. தரையைத் துடைத்தால் யாருக்காவது கண் சிவக்குமா?

பிள்ளை அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் படுக்கிறான். என் பக்கத்தில் படுக்க வை என்று பாயைத் தட்டிக் காட்டினேன். ஓமா தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று ஆட்டினாளா, புரியவில்லை என்று ஆட்டினாளா, அவள் தலைக்கே வெளிச்சம்.

இன்னொன்று. நேற்று நான் குளித்துவிட்டு வந்தபோது என் டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. ஓமா அதன் முன்னால் குந்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் மூடியைச் சாத்திவிட்டு எழுந்துபோனாள். ஒன்றும் காணாமல் போகவில்லை, எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். திருடாதவளுக்கு அடுத்தவள் பெட்டியில் என்ன வேலை?

கிழவர் கதை வேறு. அவர் வேலை பார்த்த சுரங்கத்தை மூடிவிட்டார்களாம், காலையில் எழுந்தால் இருமல், சாயங்காலமானால் குடி. போன வாரம் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தமாக வந்தார். பின்னாலேயே போலீஸ்காரன். நான் பயந்துபோய்ப் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டால், அவன் என் கையை உதறிவிட்டுக் கிழவரைச் சுற்றிச் சுற்றிக் குதிக்கிறான், கைமுட்டியை ஆட்டிக் காட்டுகிறான், சிரிக்கிறான்! இதைப் பார்த்துத்தான் வளர்கிறான். பள்ளிக்கூடத்தில் தன்னைவிடப் பெரிய பையன் மேல் கரித்துண்டை எறிந்து மண்டையை உடைத்திருக்கிறான். வாத்தியாரம்மா வீடு தேடி வந்தாள். ஓமா அவளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, பையனைத் திட்டாமல், கரி அள்ளுகிற சட்டியை நங்கென்று தரையில் போட்டாள். அவ்வளவுதான் கண்டிப்பு.

நான் ரசம் வைத்தேன், புளி நான் கொண்டுவந்தது. கிழவர் பீர் குடிக்கிற கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி ஒரே மூச்சாகக் குடித்தார், கண்ணில் தண்ணீர் வர இருமினார், மறுபடி கூஜாவை நீட்டினார். அன்றிலிருந்து தினம் கேட்கிறார். என்னை வசப்படுத்தப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

பாலு என்னிடம் கொஞ்சம் வருகிறான். 'பாட்டி' சொல்கிறான். 'உள்ளே', 'வெளியே' கற்றுக்கொடுத்தேன், புறாவை வைத்துக்கொண்டு. புறா உள்ளே. புறா வெளியே. அப்பா எங்கே என்று கேட்டேன். யோசித்து "வெளியே" என்றான்.

அந்த அறையில் என்ன இருக்கிறது? உனக்குத் தெரியும். எழுது.

வேதவல்லி


எர்லாங்கன்,
14-7-1973

அம்மா,

அந்த அறையில் ஒன்றும் இல்லை. பழைய நாற்காலி, மேசை. விட்டுவிடு.

கிழவர் குடிப்பதும் போலீஸ் வருவதும் நீயே கண்ணால் பார்த்துவிட்டாய். நான் மிகைப்படுத்தவில்லை என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். பெட்டி விஷயமும் அப்படித்தான். ஜாக்கிரதையாகப் பூட்டி வை. பாலுவின் பாஸ்போர்ட்டை நான் செப்டம்பரில் நேரே விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

நான் அங்கே வரலாம் என்றுதான் நினைக்கிறேன். லீவு கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம், அம்மா. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஊருக்குப் போனதும் பாலு யார் என்று பலரும் கேட்பார்கள். நிறத்தைப் பார்த்தே கேட்பார்கள். அப்போது சந்திரா அக்கா பம்பாயில் எடுத்து வளர்க்கிற பிள்ளை என்று சொல்லிவிட்டால் என்ன? அக்காவுக்கும் பிள்ளை இல்லை. பையனுக்கும் அதுதான் நல்லது, அம்மா எங்கே, அப்பா எங்கே என்று யாரும் குடைய மாட்டார்கள். உனக்கும் சங்கடம் இல்லை. யோசித்துப் பார்.

வாசுதேவன்


கெல்சென்கிர்ச்சன்,
22-7-1973

வாசுதேவா,

யோசித்துப் பார்த்தேன்.

சாந்தா வந்திருந்தாள். நல்ல பெண், பொய் சொல்லத் தெரியாத முகம். அவளை உட்கார வைத்து ஓமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். பையனைச் சமாளிக்க முடியவில்லை, கூட்டிப் போங்கள் என்று நீங்கள் சொன்னீர்களா?

ஓமா கையில் உருளைக்கிழங்கு சீவுகிற கத்தி. கத்தியை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். கிழவர் புறாக்கூட்டிலிருந்து இறங்கி வந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சாந்தா அரண்டுபோய் என்னைப் பார்த்தாள். "பாட்டி, லீவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு கிறிஸ்துமஸ் கழிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்து விட்டுருவாங்கன்னு உங்க மகன் எழுதியிருக்காவளாம். அதுக்கே இவங்களுக்கு மனசில்ல, பாத்துக்கிடுங்க. உங்களப் பாத்த நாள்ல இருந்து பயந்துட்டுக் கெடக்காவ" என்றாள்.

ஆக இவர்களிடம் லீவு. என்னிடம் கிழடுகளுக்கு முடியவில்லை. ஊரில் சந்திரா பிள்ளை. ஒரு பையனுக்கு எத்தனை கதைடா கட்டுவாய்?

ஓமா என் பெட்டியை ஏன் திறந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவனுடைய சட்டையை எடுத்து நான் உள்ளே வைத்துவிட்டேனா என்று தினம் பார்த்திருக்கிறாள். நான் அவளைத் திருடி என்று நினைத்தேன். அவள் என்னைத் திருடி என்று நினைத்திருக்கிறாள். இரண்டு பேரில் அவள் நினைத்ததுதான் சரி. என்னைத் திருட அனுப்பியவன் நீ.

உனக்கு வாசுதேவன் என்று பேர் வைத்தது நான்தான். அந்த வாசுதேவனைப் பெற்ற அப்பனும் பிள்ளையைக் கூடையில் வைத்து ஆற்றைத் தாண்டி அடுத்தவள் வீட்டில் விட்டான். கம்சன் வாளோடு நின்றான், விட்டான். உன் பிள்ளையை இங்கே யாரும் வெட்ட வரவில்லை. நீ யாருக்குப் பயந்து பிள்ளையை ஒளிக்கிறாய்?

யாருடா அவள்?

வேதவல்லி


எர்லாங்கன்,
5-8-1973

அம்மா,

பல முறை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பெயர் கிரிஜா. இங்கே யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிற குருமூர்த்தி சாரின் தங்கை. அண்ணனோடு தங்கிப் படிக்க வந்தாள். தமிழில் பேச ஒரு வீடு கிடைத்தது என்றுதான் முதலில் போனேன். ரசம் சாதம் போட்டார்கள். மூன்று பேரும் உட்கார்ந்து மதுரையைப் பற்றிப் பேசினோம். கல்யாணம் ஆகவில்லையா என்று சார் கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ரெனாட்டே இறந்தாள் என்று சொன்னால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. அந்த ஒரு நொடிக்குச் சொன்ன பொய். அதற்குப் பிறகு அதை இறக்கி வைக்க இடமே கிடைக்கவில்லை. எங்களுக்குத் தையில் கல்யாணம் என்று பேசியிருக்கிறார்கள்.

நீ என்னைத் திட்டு. ஆனால் எனக்கு முப்பத்தாறு வயது. இரண்டு வருஷமாக ஒரு அறையில், ஒரு அடுப்பில், ஒரு தட்டில் சாப்பிடுகிறேன். எனக்கு ஒரு வீடு வேண்டாமா, அம்மா?

பாலு உன்னிடம் வளர்ந்தால் அவனுக்கு என்ன குறை? நீ வளர்த்த நான் என்ன கெட்டா போய்விட்டேன்? (இந்த வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

தயவுசெய்து இந்த ஒரு முறை.

வாசுதேவன்


கெல்சென்கிர்ச்சன்,
27-8-1973

வாசுதேவா,

உன் கடுதாசி வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை. இப்போது எழுதுவது நீ கேட்டதற்காக இல்லை. இந்த வீட்டில் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை கிருஷ்ண ஜெயந்தி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வருசமும் நான் வாசலில் கண்ணன் பாதம் போடாமல் இருந்ததில்லை. உன் அப்பா செத்த வருசம் மட்டும் போடவில்லை. இந்த வருசம் பேரன் இருக்கிற வீட்டில் இருந்துகொண்டு போடாமல் விடுவேனா? அரிசியை ஊற வைத்து, உலர்த்தி, ஓமாவின் காப்பிக்கொட்டை அரைக்கிற கைமிஷினில் போட்டேன். பாலு சுற்றினான். மாவில் காப்பி வாசம். கண்ணன் பொறுத்துக்கொள்வான்.

பாதம் எங்கிருந்து போடுவது? கொல்லைப்பக்கமிருந்தா? முயல் கூண்டையும் கரிக்குவியலையும் தாண்டிக் கண்ணன் வரவேண்டுமா? என்னைத்தான் அப்படிக் கூட்டி வந்தார்கள், அவனையுமா? எனக்கு அந்த முதல் நாள் எரிச்சல் மறுபடி கிளம்பிவிட்டது. ஓமா ஆபீஸ் துடைக்கிற வேலைக்குப் போயிருந்தாள். கிழவர் புறாக்கூட்டில். காலண்டருக்குப் பின்னால் கையை விட்டுச் சாவியை எடுத்தேன்.

நீ எழுதியது சரிதான். நாற்காலி, மேசை. மேசை மேல் பூப்போட்ட வெள்ளைத் துணி, ஒரு சுருக்கம் இல்லை. சுவரில் அந்தப் பெண்ணின் படம், கழுத்தில் நான் அனுப்பிய பவழ மாலையோடு. நான் நெடுநேரம் அதைப் பார்த்தேன். பிறகு பச்சைக் கதவைத் திறந்தேன். தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் தள்ளினேன். தெரு வெளிச்சம் அப்படியே உள்ளே விழுந்தது.

வாசற்படியில் ஆரம்பித்து, முஷ்டியை மாவில் தோய்த்துத் தோய்த்து வைத்து, மேலே விரல் வைத்து, அந்த அறை வழியாக அடுப்படியில் நான் வைத்திருந்த கண்ணன் படம் வரைக்கும் போட்டேன். பாலுவும் கூடவே வந்தான், அவன் முஷ்டிதான் அளவாக இருந்தது, பாதி பாதம் அவன் போட்டது. கோணல்மாணலாக.

ஓமா வந்தாள். எப்போதும் போலக் கொல்லை வழியாக. அறைக்கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள், அதற்கப்பால் தெரு தெரிந்தது. கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஒரு சத்தம் போட்டாள். மாடு கன்றை இழந்தால் போடுகிற சத்தம் எனக்குத் தெரியும். அது. நான் நினைத்தது என்ன தெரியுமா? நான் தொட்டதால் வீடு தீட்டாகிவிட்டது என்று கத்துகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் ஆத்திரம். "ஏன், என் சாமி உன் முன்வாசல் வழியா வரக்கூடாதா? நாங்க என்ன உனக்குச் சாணி அள்ள வந்தவங்களா?" என்று நானும் கத்தினேன். அவள் அவள் பாஷையில், நான் என் பாஷையில். கிழவர் ஓடி வந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமல் வந்து ஒரு வார்த்தையும் அவரால் சொல்ல முடியவில்லை.

பாலு எங்கள் நடுவில் வந்தான். என் சேலையைப் பிடித்து இழுத்தான். பிறகு அந்த அறையின் நடுவில், பாதங்களுக்குப் பக்கத்தில், தரையில் நீட்டிப் படுத்தான். இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான். எழுந்து, திறந்திருந்த பச்சைக் கதவைக் கையால் காட்டி, "பாட்டி. அம்மா வெளியே" என்றான்.

நான் உட்கார்ந்துவிட்டேன், வாசுதேவா. மாவுக் கையோடு அப்படியே.

ஓமாவும் அதற்குள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பாதங்களைப் பார்த்தாள். முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள், விரல் எந்தப் பக்கம் என்று பார்க்கிறாள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. பாலுவிடம் ஏதோ கேட்டாள். அவன் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் பாதத்தின் மேல் படாமல் பக்கத்தில் பக்கத்தில் குதித்துக் காட்டி, அவளிடம் அவள் பாஷையில் சொன்னான், என்னிடம் திரும்பி "உள்ளே" என்றான். எங்கள் இரண்டு பேருக்கும் அதையே சொன்னான்.

அவள் எழுந்து போய் முன்கதவைச் சாத்தினாள். வாளியை எடுத்தாள். நான் நினைத்தேன், போச்சு, துடைக்கப் போகிறாள். அந்த அறை முழுக்க நாற்காலிக் கால் உட்பட துடைத்தாள். பாதம் ஒன்றைத் தொடவில்லை. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கிழவர் அதைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார்.

நேற்று சாந்தா வந்தாள். விசாரித்தேன். இந்தத் தெருவில் யாருமே முன்வாசலைப் புழங்குவதில்லையாம். டாக்டர் வந்தால், பாதிரியார் வந்தால், சவம் போனால் திறப்பார்களாம். "உங்கள முத நாளே கொல்ல வழியாக் கூட்டிட்டுப் போனாவன்னா, வீட்டு மனுஷின்னு நெனச்சிருக்காவ பாட்டி" என்றாள். கிழவரின் உதடு கிழிந்ததும் கேட்டேன். குடிக்கிற இடத்தில் ஒருவன் பாலுவின் நிறத்தை வைத்து ஏதோ கேவலமான பேர் சொன்னானாம். இவர் மேசையைத் தாண்டிப் போயிருக்கிறார், இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு. பையன் பல் போனதும் அதே பேருக்குத்தான், பள்ளிக்கூடத்தில். நல்ல வளர்ப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவனுக்காக அடி வாங்க இங்கே ஆள் இருக்கிறது.

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ இந்த வீட்டில் மூன்று வருசம் குடித்தனம் பண்ணியவன். கதவுக்குக் காரணம் உனக்குத் தெரியும். முதல் கடுதாசியிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் நான் அந்தச் சாவியைத் தொட்டிருப்பேனா? எழுதவில்லை. எனக்குக் கோபம் இருக்கட்டும், அந்தக் கோபத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று கணக்குப் போட்டாய். "அவர்கள் அப்படித்தான்." பெற்ற தாயின் மானத்தை அடுப்பில் வைத்து உன் காரியத்தைச் சமைக்கப் பார்த்தாய். இதை நான் மறக்கிறதற்கு நாளாகும்.

பாலுவை நான் கூட்டிப்போகவில்லை. என் டிக்கெட் ஒன்று போதும். எனக்கு ஆசை இல்லையென்று நினைக்காதே, வயிறு எரிகிறது. ராத்திரி அவன் அவர்கள் நடுவில் படுத்திருப்பதைப் பார்த்தால் இன்னும் எரிகிறது. ஆனால் மதுரையில் இவன் யார் பிள்ளை என்று கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டும். இந்தத் தெருவில் யாரும் கேட்பதே இல்லை.

கல்யாணம் பண்ணிக்கொள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உனக்கும் வீடு வேண்டும்தான். ஆனால் கிரிஜாவிடம் பிள்ளை இருக்கிறான் என்று சொல். சொன்னேன் என்று எனக்கு எழுதாதே, நம்பமாட்டேன். உன் கடுதாசிகளை நம்பி நான் பட்டது போதும். நேரில் வந்து நின்றால் நம்புகிறேன்.

விருந்தாளியாக வருவதாக இருந்தால் முன்வாசல் மணியை அடி. டாக்டருக்குத் திறக்கிற மாதிரி உனக்கும் திறப்பார்கள், நல்ல நாற்காலியில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து அனுப்புவார்கள். பாலுவுக்கு அப்பனாக வருவதாக இருந்தால் எந்தப் பக்கமாக வரவேண்டும் என்று நான் உனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

வேதவல்லி


எர்லாங்கன்,
3-9-1973

அம்மா,

நீ நம்பமாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

ரெனாட்டே போன அன்றைக்கு நான் வேறு ஊரில் மிஷின் மாட்டப் போயிருந்தேன். தந்தி கிடைத்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரயிலடியிலிருந்து ஓடி வந்து முன்னால் நின்றேன். பச்சைக் கதவை அதற்குள் சாத்திவிட்டிருந்தார்கள். வாசற்படியில் பூ உதிர்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெரு வரைக்கும் வராமல் ரயிலடியோடு திரும்பிவிடுகிறேன். அந்தக் கதவைப் பற்றி எழுத முதல் கடிதத்திலேயே பேனாவை எடுத்தேன், முடியவில்லை. இது உண்மை. எழுதாமல் விட்டது எனக்கு வசதியாகப் போனது, நீ சொன்ன மாதிரியே. அதுவும் உண்மை.

நேற்று கிரிஜாவிடம் சொன்னேன். குருமூர்த்தி சார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அவள் எழவில்லை. பையனுக்கு எத்தனை வயது என்று மட்டும் கேட்டாள். ஏழு என்றேன். என்ன முடிவு எடுப்பாள் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை வருகிறேன். அன்றைக்கு ரயில் வந்து சேர இருட்டிவிடும். பாலுவைத் தூங்காமல் வைத்திரு.

கொல்லைக் கதவைத் தாழ் போட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்.

வாசு